பியாவிஸ்டோக்கிலிருந்து ஒரு படலம்

பியாவிஸ்டோக்
11 அக்டோபர் 2010

யோரீன்,

தொலைபேசி வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், மாதம் ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகவும் வேண்டாம் என்று நான் நைமேகனை விட்டுப் புறப்பட்ட அன்று சொன்னாய். பெட்டிக்குள் வைக்கும் தாளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. படலங்களைக் குறிப்பில்லாமல் அனுப்ப முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உள்ளே நான்கு கண்ணாடித் துண்டுகள். நான்கின் மேலும் மெல்லிய படலமாக இரும்பு, கடோலினியம், கொஞ்சம் கோபால்ட். கடோலினியத்தின் பங்கை மட்டும் ஒவ்வொன்றிலும் மாற்றியிருக்கிறேன். மேலே உள்ள காப்புப் பூச்சைக் கீறிவிடாதே. கீறினால் காற்று புகும். கடோலினியம் ஆக்சிஜனைக் கண்டால் விடாது.

படலம் செய்ய இங்கே கிடைத்திருக்கும் வெற்றிடக் கலன் நான் மாணவனாக இருந்தபோதே கிழடு. பம்பு இருமுகிறது. ஆனாலும் வேலை செய்கிறது.

கிங்கா துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையே. கண்ணாடிதான் அழுக்கா இருக்கு" என்றாள். அந்த அழுக்குதான் என் வேலை, தலைமுடியை நாலாயிரம் பங்காகக் கிழித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு தடிமன், அதற்குள் ஒரு காந்தம் இருக்கிறது என்றேன். "இதுக்குத்தான் அஞ்சு வருஷம் ஹாலந்துல இருந்தீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுக் ஹேண்ட்பால் பயிற்சிக்குப் போய்விட்டாள். பதினான்கு வயதில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

அவள் அம்மா டப்ளினிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். கிங்கா அங்கே போகமாட்டேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள். ஆகவே நானும் இங்கே இருப்பதில் உறுதியாக இருக்கிறேன்.

லேசரில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது. படலங்களைப் பற்றி மட்டும் எழுதினாலும் சரி.

லெஷெக்

*

நைமேகன்
4 நவம்பர் 2010

லெஷெக்,

காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி வூட்டர் உத்தரவு. அவர் ஆய்வுக்கூடத் தலைவர் ஆனதிலிருந்து பெட்டிகளின் மேல் அவருக்குத் தனி அக்கறை. காலியாக அனுப்ப மனம் வரவில்லை.

முதலில் படலங்கள். ஒன்றும் நான்கும் செத்துவிட்டன. ஓரத்திலிருந்து காற்று புகுந்திருக்கிறது. மற்ற இரண்டிலும் வழக்கமான கதைதான். லேசர் துடிப்பு பட்ட இடம் சூடாகிறது, காந்தம் கலைகிறது, ஆறிய பிறகு கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக நிற்கிறது. உப்பையும் மிளகையும் கொட்டிக் கலந்த மாதிரி. நாம் மூன்று வருஷமாகப் பார்த்த அதே உப்பு, அதே மிளகு.

இனி மற்றது. நீ கிங்காவுக்காகப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. போகாமல் இருந்திருந்தால்தான் உன்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்திருப்பேன். டிக்கெட்டை வாங்கி, வேலைக்கு எழுதிப் பதிலும் வந்து, வீட்டையும் பார்த்து முடித்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னாயே, கோபம் அதில்தான். நான் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் கிளம்பறேன்" என்றாய். "உப்பு போதுமா" என்று கேட்கிற குரலில்.

வந்து வந்து போவதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். தண்டனை என்று நினைத்துவிடாதே.

உன் சைக்கிள் கீழே நிற்கிறது. டயரில் காற்று இறங்கிவிட்டது. நான் அடிக்கவில்லை.

யோரீன்

*

பியாவிஸ்டோக்
2 டிசம்பர் 2010

யோரீன்,

நீ எழுதியதைப் படித்தேன். எல்லாம் நியாயம்.

ஒன்று மட்டும். முன்பே பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நீ அழுதிருக்கமாட்டாய். உன் கீழ்த்தளத்தில் இருக்கும் லேசர் மேசையைப் பற்றிப் பேசியிருப்பாய். ஒவ்வொரு கண்ணாடியையும் உன் கையால் திருகி வைத்த மேசை அது. அதை விட்டு வா என்று எந்த வாயால் கேட்பேன்? கேட்காமல் இருப்பதற்காகத்தான் வேகமாக எல்லாவற்றையும் முடித்தேன். கோழைத்தனம்தான். ஆனால் அலட்சியம் இல்லை.

இங்கே பனி கொட்டுகிறது. போன சனிக்கிழமை கிங்காவின் அணி தோற்றது. அவள்தான் கோல்கீப்பர். பையைத் தரையில் இழுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட பாப்காவை அடுப்பிலிருந்து எடுத்து வைத்ததும், "கருகிடுச்சு" என்றாள். "தோத்துட்டு வந்தவங்க கருகினதைச் சாப்பிடணும்" என்றேன். சிரித்துவிட்டாள். பிறகு முழுத் தட்டையும் முடித்தாள். நீ இருந்திருந்தால் அந்தச் சிரிப்பைப் பார்த்திருப்பாய். அடுக்களையில் திரும்பி யாரிடமாவது "பார்த்தியா?" என்று கேட்கத் தோன்றியது.

இந்தப் பெட்டியில் மூன்று துண்டுகள். இம்முறை கடோலினியத்தைக் கொஞ்சம் ஏற்றி, காப்புப் பூச்சையும் தடிப்பாக வைத்திருக்கிறேன். மூன்றாவது துண்டு செய்த நாளில் எல்லாம் சரியாக அமைந்தது. எதனால் என்று கேட்காதே. கைக்குத் தெரிந்தது, எனக்கு இன்னும் தெரியவில்லை.

லெஷெக்

*

நைமேகன்
20 டிசம்பர் 2010

லெஷெக், லெஷெக்,

மூன்றாவது துண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வைத்தேன். பக்கத்தில் காந்தம் எதுவும் இல்லை. மேசையின் மின்காந்தத்தை அணைத்து, கம்பியையும் கழற்றியிருந்தேன். நுண்ணோக்கியில் படலம் முழுக்க வெள்ளையாக இருந்தது, அதாவது காந்தம் முழுவதும் மேலே பார்த்தபடி. ஒரே ஒரு துடிப்பு விட்டேன். உப்பு மிளகு வரும் என்று காத்திருந்தேன்.

கறுப்பு வட்டம், லெஷெக். சுத்தமான, காசை வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டம். உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. துடிப்பு பட்ட இடம் முழுவதும் அப்படியே தலைகீழாகத் திரும்பியிருந்தது.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து அதே இடத்தில் இன்னொரு துடிப்பு விட்டேன். வட்டம் மறைந்தது. மறுபடி ஒன்று. கறுப்பு. மறுபடி. வெள்ளை. காந்தத்தைத் திருப்ப இன்னொரு காந்தம் வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்திலிருந்து படித்தோம்? இங்கே வெறும் ஒளி. அதுவும் ஒரு நொடியைக் கோடி கோடியாக வெட்டினால் கிடைக்கும் துண்டுகளில் சிலவற்றின் நீளமே உள்ள ஒளி.

"லெஷெக், இங்க பாரு" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. உன் நாற்காலி இருந்த பக்கம் திரும்பியும் பார்த்தேன். அங்கே இப்போது ஆர்கான் சிலிண்டர் நிற்கிறது.

அதற்கு மேல் அன்றைக்கு அளவெடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வால் ஆற்றங்கரைக்கு நடந்து போனேன். பாலத்தடியில் நின்று படகுகளைப் பார்த்தேன். இதுவரை யாரும் பார்த்திராத ஒன்றை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், மனம் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. விளங்கவில்லை என்பது பொய்.

வூட்டரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான்.

யோ.

*

பியாவிஸ்டோக்
29 டிசம்பர் 2010

யோரீன்,

பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். பனியில் நடந்து திரும்பும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். ஒரு அம்மா குழந்தையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இப்போது உன் எதிரியாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள். மேசைக்குப் பக்கத்தில் அந்த இரும்பு ஸ்டூல் இருக்கிறதா? அது காந்தமேறிய ஸ்டூல். வெளியே போடு. பூமியின் காந்தத்தையும் கம்பிச் சுருள் வைத்துத் தடு. பிறகு ஒளியின் முறுக்கை மாற்றிப் பார். வலப்பக்கம் முறுக்கிய ஒளி, இடப்பக்கம் முறுக்கியது, முறுக்கே இல்லாதது. முறுக்குதான் திருப்புகிறது என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் திரும்ப வேண்டும்.

எல்லாம் ஒன்றுபோல் திரும்பினால், சூடு மட்டும்தான் காரணம். சூட்டுக்குக் கலைக்கத்தான் தெரியும் என்று நினைத்திருந்தோம். திசை தெரியாத ஒன்று எப்படித் திசை காட்டும்? நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

எதிரி போய்விட்டான். இனி நான். அந்த நாற்காலியில் நான் இருந்திருக்க வேண்டும். இந்த ஊரில் எனக்கு வேலை இருக்கிறது, மகள் இருக்கிறாள், கதகதப்பான வீடு இருக்கிறது. ஆனாலும் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து யாரோ என்னை ஒரு அறைக்கு வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றே இருக்கிறது.

லெஷெக்

*

நைமேகன்
23 ஜனவரி 2011

லெஷெக்,

ஸ்டூல் வெளியே போயிற்று. பூமியையும் தடுத்தாயிற்று. மூன்று வகை ஒளியும் ஒன்றுபோலத்தான் திருப்புகின்றன. சூடு மட்டும்தான்.

வூட்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இரும்பும் கடோலினியமும் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவை அல்லவா? லேசர் அடி விழுந்ததும் இரும்பு தன் திசையைச் சீக்கிரம் மறந்துவிடுகிறது. கடோலினியம் மெதுவாக மறக்கிறது. நடுவில் ஒரு கணம், இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. பிறகு மறுபடி பிரிகின்றன, முன்பிருந்ததற்கு நேர் எதிராக. இதை வைத்து நம் இருவரைப் பற்றி ஏதாவது உவமை எழுதினாய் என்றால் அடுத்த பெட்டியைத் திறக்கமாட்டேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். வூட்டர் நேற்று என் அறைக்கு வந்தார். "படலம் செய்யறதுக்கு நிரந்தரமா ஒரு ஆள் எடுத்துக்க அனுமதி வந்திருக்கு. எனக்கு லெஷெக்தான் வேணும். நீ எழுதுவியா, நான் எழுதட்டுமா?" என்றார். நானே எழுதுகிறேன் என்றேன்.

வருவாயா? கிங்காவையும் அழைத்துக்கொண்டு. இங்கே ஹேண்ட்பால் அணிகள் இருக்கின்றன, விசாரித்துவிட்டேன். இரண்டாவது அறையிலிருந்து என் புத்தகங்களை எடுக்க ஆரம்பித்துவிட்டேன். அவசரம்தான். உனக்கு நான் அவசரப்படுவது பிடிக்காது. ஆனாலும் எடுக்கிறேன்.

யோரீன்

*

பியாவிஸ்டோக்
6 பிப்ரவரி 2011

யோரீன்,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் கிங்காவிடம், "நைமேகன்ல எனக்கு ஒரு வேலை இருக்குன்னு சொல்றாங்க" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "போறீங்களா?"

"ரெண்டு பேரும் போகலாமான்னு கேக்கறேன்."

"நான் டப்ளினுக்கே போகல. அங்க அம்மா இருக்காங்க." தட்டைத் தள்ளி வைத்தாள். "நீங்க போறதுன்னா முன்னாடியே சொல்லிடுங்கப்பா. அம்மா மாதிரி பெட்டி கட்டினப்புறம் சொல்லாதீங்க."

இதையே நவம்பரில் உன் கையெழுத்தில் படித்திருக்கிறேன். ஒரே தப்பை இரண்டு பேருக்குச் செய்ய என்னால் முடியாது. "போகல" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பள்ளி முடிக்கும்வரை நான் இங்கேதான்.

அறையைக் காலி செய்துகொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி இன்னும் என்னால் படிக்க முடியவில்லை. புத்தகங்களைத் திரும்ப வைத்துவிடு.

வூட்டரிடம் என் நன்றியைச் சொல்.

லெஷெக்

*

நைமேகன்
25 பிப்ரவரி 2011

லெஷெக்,

உன் முடிவு சரி. அதைப் பற்றி இனி எழுதமாட்டேன். எழுதினால் நன்றாக வராது.

வேலை விஷயம். போன வார ஆய்வாளர் கூட்டத்தில் நம் முடிவைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஆல்பிரெக்ட் எழுந்தார், படலங்களில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். "நாங்களும் செஞ்சு பார்த்தோம். இன்னொரு கூடத்துலயும் செஞ்சு பார்த்தாங்க. ஒண்ணும் புரளல. உலகத்துலேயே உங்க ஒரு கண்ணாடித் துண்டு மட்டும்தான் புரளுதாம்மா?" என்றார். அரங்கில் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு துண்டு. அதிலும் இப்போது ஒரு மூலை மங்கத் தொடங்கியிருக்கிறது. அது செத்துவிட்டால், நான் பார்த்தேன் என்று சொல்ல நான் மட்டும்தான் மிஞ்சுவேன். வூட்டர் இப்போதெல்லாம் என் அறைக்கு வருவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

முடிந்தவரை துண்டுகள் அனுப்பு. குறிப்பை மட்டும் வை. வேறு தாள் வேண்டாம்.

யோரீன்

*

பியாவிஸ்டோக்
9 மார்ச் 2011

யோரீன்,

வேறு தாள் வைக்கிறேன். மன்னித்துவிடு.

பெட்டியில் ஐந்து துண்டுகள். ஐந்துமே புரள வேண்டும். ஆனால் இவை ஆல்பிரெக்டின் வாயை அடைக்காது. இன்னும் ஐம்பது அனுப்பினாலும், 'அந்தப் போலந்துக்காரன் படலம் மட்டும் புரளுது' என்றுதான் பேச்சு வரும். என் கை படாமல், நைமேகனில் உங்கள் கலனிலேயே செய்து அது புரள வேண்டும். அப்போதுதான் முடிவு உன்னுடையதாக நிற்கும்.

அதனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து கலனின் முன்னால் உட்கார்ந்து, என் கை என்ன செய்கிறது என்று நானே வேவு பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது. பம்பைப் போட்டுவிட்டு மறந்துவிடு. அழுத்தம் போதும் என்று மீட்டர் சொன்ன பிறகும் இன்னும் ஒரு நாள் முழுக்க ஓடட்டும். கலனின் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம்தான் முதல் எதிரி. பிறகு கண்ணாடியை மூடிவைத்துக்கொண்டு கடோலினியத் தகட்டின் மேல்தோல் எரிந்து போகும்வரை ஆர்கான் சுடரால் அடி. சுடரின் நிறம் மாறும்போது உனக்கே தெரியும். அன்றைக்குச் செய்யும் முதல் படலத்தை, எவ்வளவு அழகாக வந்தாலும், எறிந்துவிடு. நான் எப்போதும் எறிந்துவிடுவேன். ஏன் என்று யோசித்ததே இல்லை. மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அதுதான் வாரிக்கொண்டு போகிறது. அளவுகள் எல்லாம் பின்பக்கத்தில் இருக்கின்றன. யார் கேட்டாலும் கொடு, ஆல்பிரெக்டுக்கும் கொடு.

இதன்படி செய்தால் என் பெட்டி இனி உனக்குத் தேவைப்படாது. தெரிந்துதான் எழுதுகிறேன். எழுதாமல் வைத்திருக்கலாம் என்று இரண்டு நாள் தோன்றிக்கொண்டே இருந்தது. நீ அவ்வப்போது கேட்பாய், நான் அனுப்புவேன், இப்படியே வருஷங்கள் ஓடும். ஆனால் அவர்கள் முன்னால் நின்று சிரித்து வைத்ததாக எழுதினாய். அதைப் படித்த பிறகு என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

நல்லபடியாக இரு.

லெஷெக்

*

நைமேகன்
3 ஏப்ரல் 2011

அன்புள்ள லெஷெக்,

புரண்டது. எங்கள் கலனில், எங்கள் கையால். முதல் படலத்தை எறிய மனமே வரவில்லை, அவ்வளவு பளபளப்பு. எறிந்தேன். இரண்டாவது புரண்டது, மூன்றாவதும் புரண்டது. உன் குறிப்பை ஆல்பிரெக்டுக்கு அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது, ஒரே வரி: "எங்களிடமும் புரள்கிறது. மன்னிக்கவும்." கட்டுரையில் உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் வூட்டருக்கும் மறுபேச்சு இல்லை.

எல்லாரும் கேக் வெட்டினோம். வூட்டர் என் தோளில் தட்டி, "நல்லதாப் போச்சு, இனிமே லெஷெக்கைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல" என்றார். கையில் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ அந்தத் தாளை எப்படி எழுதியிருப்பாய் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. படித்தபோது எனக்கு அளவுகள்தான் கண்ணில் பட்டன. நான் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

அதன் பிறகு உனக்கு எழுத ஒரு காரணம் தேடினேன். பம்பு பற்றி ஒரு சந்தேகம் கண்டுபிடித்தேன். யோசித்தால் விடை எனக்கே தெரிந்தது. தபால்காரர் வரும் நேரத்தில் இன்னும் கீழே போய் நிற்கிறேன். பெட்டிகள் வருகின்றன, கண்ணாடிகள், திருகுகள். எதிலும் தாள் இல்லை.

ஆகவே காரணமில்லாமல் எழுதுகிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். வந்து வந்து போவது தாங்காது என்று சொன்னவள் நான்தான். வராமலே இருப்பது அதைவிடத் தாங்கவில்லை, இந்த ஆறு மாதத்தில் அது தெரிந்துவிட்டது. மேசையை விட்டு வரமுடியாது. நீயும் கிங்காவை விட்டு வரமுடியாது. இது மாறும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் ஈஸ்டருக்கு நான்கு நாள் நான் அங்கே வரலாமா? கிங்காவிடம் முதலில் கேள். என்னைக் கூப்பிடுவதாக முடிவு செய்த பிறகு சொல்லாதே, முதலில் கேள். அவள் வேண்டாம் என்றால் எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுத வந்தேன். இருக்கும். ஆனால் புரிந்துகொள்வேன்.

யோரீன்

*

பியாவிஸ்டோக்
10 ஏப்ரல் 2011

அன்புள்ள யோரீன்,

நீ சொன்னபடியே முதலில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கிங்கா முழங்கால் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்துக் காட்டினேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டாள்.

"அந்த லேசர்காரம்மாவா?"

"ஆமா."

"என் ரூமைக் கொடுக்க மாட்டேன்."

"கேக்கல."

"என்ன சாப்பிடுவாங்க?"

"எதுவும். கருகினதுகூட."

அதற்கு ஒரு முறைப்பு. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நாலு நாள்னா நாலு நாள்தானா? அப்புறம் போயிடுவாங்களா?"

"போயிடுவாங்க. அவங்க வேலை அங்கதானே."

"அப்போ நீங்க மறுபடியும் ஜன்னலாண்ட போய் நின்னுக்கிட்டு, கூப்பிட்டாக்கூட காதுல விழாம இருப்பீங்க."

நான் அப்படி நிற்கிறேன் என்பது எனக்கே தெரியாது, யோரீன். "அதுக்கு என்ன பண்றது?" என்றேன்.

பட்டையை முழங்காலில் மாட்டி, எழுந்து நின்று, இரண்டு தடவை மடக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது போல.

"கொஞ்சம் அதிக நாள் இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

உனக்கு எவ்வளவு விடுப்பு கிடைக்கும் என்று கேட்டு எழுது.

லெஷெக்